வேலையை விடாமல் ரோபோட்டிக்ஸ் பட்டம்: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்

பகலில் வேலை, மாலையிலோ வார இறுதியிலோ வகுப்பு என்று ரோபோட்டிக்ஸ், ஆட்டோமேஷன் பொறியியலில் பட்டம் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் படித்தவன்தான். பராமரிப்புப் பிரிவில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே முடித்தேன். என்னோடு சேர்ந்து பாதியில் விட்டவர்களை நினைத்துப் பார்த்தால், பாடம் மண்டையில் ஏறாமல் விட்டவர்கள் குறைவு. நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டவர்களும், பள்ளியில் படித்த கணிதம் மறந்துபோனதை முதல் தேர்வு வரை கவனிக்காமல் இருந்தவர்களும்தான் அதிகம். வேலையையும் படிப்பையும் இரண்டு தனி உலகமாக வைத்துக்கொண்டவர்களும் சீக்கிரம் களைத்துப்போனார்கள். இந்தத் துறையில் அப்படிப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலையிடத்தில் ஓடும் எந்திரமே உங்கள் பாதிப் பாடம். ஆலையில் வேலை பார்க்காதவர்களுக்கும் இது பொருந்தும்: லிப்ட், தானியங்கிக் கதவு, துணி துவைக்கும் எந்திரம் எல்லாமே சென்சார், கட்டுப்படுத்தி, மோட்டார் என்ற அதே மூன்றால் ஆனவை.

முதலில் மணிக்கணக்கு

விண்ணப்பத்தைத் தொடும் முன் ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். குறைந்த கணக்கிலேயே 4,500 மணி நேரம் வருகிறது. இங்கிலாந்து முறையில் ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி, மொத்தம் 3,600. மற்ற இடங்களில் எண்கள் மாறலாம், ஆனால் எங்கே படித்தாலும் சில ஆயிரம் மணி நேரம் போட்டே ஆக வேண்டும்.

இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள், வீட்டு விசேஷம் போக வருடத்துக்கு 44 வாரம் கிடைக்கிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 12 மணி நேரம்தான் முடியும் என்றால் வருடத்துக்கு 528 மணி. 4,500 மணி முடிய எட்டரை வருடம் ஆகும். வாரத்துக்கு 20 மணி நேரம் என்றால் 880. ஐந்து வருடத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாமல் கட்டணம் கட்டாதீர்கள். சேர்ந்த நாளிலிருந்து எத்தனை வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற வரம்பு பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. அதையும் கேட்டுக் குறித்து வையுங்கள்.

மனக்கணக்கை நம்ப வேண்டாம். சேருவதற்கு முன் நான்கு வாரம், சேர்ந்துவிட்டது போலவே உட்கார்ந்து பாருங்கள். செவ்வாய், வியாழன் மாலை இரண்டிரண்டு மணி நேரம், ஞாயிறு காலை ஐந்து மணி நேரம் என்று வைத்தால், உண்மையில் எவ்வளவு உட்கார்ந்தீர்கள் என்பதை எழுதுங்கள். எனக்கு முதல் வாரம் நான்கு மணி நேரம்தான் தேறியது. இரவு ஷிப்ட் முடித்து வந்து படிக்கவே முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கேற்ப இரவு ஷிப்ட் வாரங்களில் பழைய பாடத்தைத் திரும்பப் பார்ப்பது மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

டிப்ளமோவோ முந்தைய படிப்போ இருந்தால் சில பாடங்களுக்கு விலக்கு கிடைக்கலாம். பட்டறைப் பயிற்சி, பொறியியல் வரைபடம், அடிப்படை மின்னியல் போன்றவற்றில் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். கணிதத்திலும், எந்திரத்தைக் கேட்ட வேகத்திலோ நிலையிலோ நிறுத்தி வைக்கும் கலையான கட்டுப்பாட்டியலிலும் விலக்கு கொடுத்தாலும் வாங்காதீர்கள். பின்னால் வரும் கடினமான பாடங்கள் எல்லாம் அந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

எந்தப் பாடத்திட்டம்?

ரோபோட்டிக்ஸ், மெகாட்ரானிக்ஸ், ஆட்டோமேஷன் என்று பெயர்கள் பலவிதமாக இருக்கும். பெயரைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டாம். பாடப்பட்டியலைக் கையில் வாங்கி மூன்றைத் தேடுங்கள். கட்டுப்பாட்டியல் குறைந்தது இரண்டு பருவத்துக்கு இருக்கிறதா? ரோபோக்களின் இயக்கவியல் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? ஆலை எந்திரங்களை ஓட்டும் சிறு கணினியான பி.எல்.சி.க்கு ஆய்வகம் உண்டா? நிரல் எழுதுவதும் செயற்கை நுண்ணறிவும் மட்டும் நிறைய இருந்து இந்த மூன்றும் மெலிந்திருந்தால் அது கணினிப் பட்டத்துக்கு நெருக்கமான படிப்பு. அது தாழ்ந்தது என்று சொல்லவில்லை. எந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்ய விரும்புகிறவருக்கு அது போதாது.

அங்கீகாரம் அடுத்தது. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள மூன்று உடன்படிக்கைகள் உள்ளன. 1989-இல் வந்த வாஷிங்டன் உடன்படிக்கை முழுப் பொறியாளர் பட்டத்துக்கானது. 2001-இல் வந்த சிட்னி உடன்படிக்கை பொறியியல் தொழில்நுட்பவியலாளர் பட்டத்துக்கும், 2002-இல் வந்த டப்ளின் உடன்படிக்கை டெக்னீஷியன் தகுதிக்கும் உரியவை. வேறு நாட்டில் வேலை தேடும் எண்ணம் துளியாவது இருந்தால், இந்தப் படிப்பு எதன் கீழ் வருகிறது, எதன் கீழும் வரவில்லையா என்று எழுத்தில் கேளுங்கள். முழுநேரப் படிப்புக்கு இருக்கும் அங்கீகாரம் பகுதிநேரத்துக்கும் உண்டா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பகுதிநேர மாணவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஆய்வகத்தைப் பற்றியது. பாட விரிவுரையைப் பதிவாகப் பார்த்துக்கொள்ளலாம், ரோபோக் கையை அப்படிப் பார்க்க முடியாது. ஆய்வகம் மாலையில் திறந்திருக்குமா? ஷிப்ட் மாறி ஒரு வகுப்பு தவறினால் வேறு குழுவோடு வந்து செய்ய விடுவார்களா? ஒரு ரோபோவுக்கு எத்தனை பேர்? முடிந்தால் ஒரு மாலை நேரில் போய்ப் பாருங்கள். ரோபோ கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று இருந்து, அதன் கைக்கட்டுப்பாட்டுப் பலகையில் விரல் பட்ட தடமே இல்லை என்றால், மாணவர்கள் அதைத் தொடுவதில்லை என்று அர்த்தம்.

சேரும் முன் மூன்று மாதம் கணிதம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி முடித்துப் பத்து வருடம் ஆனவருக்கு முதல் பருவத்தில் வகைக்கெழுச் சமன்பாடும் அணிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அவற்றை அங்கே முதல் முறையாகப் பார்த்தால் தாங்காது. திரிகோணமிதி, வெக்டர், அணிப் பெருக்கல், கலப்பெண்கள், வகையிடல், தொகையிடல் என்ற வரிசையில் மூன்று மாதம் ஓட்டுங்கள். தினமும் நான்கு கணக்கு, கையால். காணொளி பார்த்துத் தலையாட்டுவது கணக்குப் போட்டதாகாது.

எதற்காக இதெல்லாம் என்று தெரிந்தால் படிக்க மனம் வரும். இரண்டு மூட்டுகள் கொண்ட ஒரு ரோபோக் கையை எடுத்துக்கொள்வோம். தோளிலிருந்து முழங்கை வரை 300 மி.மீ., முழங்கையிலிருந்து நுனி வரை 200 மி.மீ. தோள் மூட்டு தரையிலிருந்து 30 பாகை திரும்பியிருக்கிறது. முழங்கை அதற்கு மேல் இன்னும் 60 பாகை. நுனி எங்கே இருக்கும்? கிடைத் தூரத்துக்கு, 300-ஐ 30 பாகையின் கொசைனால் பெருக்கினால் 259.8. இரண்டாம் எலும்பு மொத்தமாக 90 பாகையில் நிற்பதால் அதன் பங்கு சுழி. உயரத்துக்கு, 300-ஐ 30 பாகையின் சைனால் பெருக்க 150, அதோடு 200. ஆக நுனி 259.8, 350 என்ற புள்ளியில் நிற்கிறது. பள்ளிக் கணக்குதான்.

இப்போது திருப்பிப் போடுங்கள். நுனி அந்தப் புள்ளிக்குப் போக வேண்டும், மூட்டுகள் எவ்வளவு திரும்ப வேண்டும்? ஆலையில் ரோபோவிடம் நாம் கேட்பது இதைத்தான். தோளிலிருந்து நுனி வரையான தூரத்தின் வர்க்கம் ஏறக்குறைய 1,90,000. அதிலிருந்து 300-இன் வர்க்கத்தையும் 200-இன் வர்க்கத்தையும் கழித்தால் 60,000. அதை 2 × 300 × 200 ஆல் வகுத்தால் 0.5. இதுதான் முழங்கைக் கோணத்தின் கொசைன். அப்படியானால் கோணம் 60 பாகையாகவும் இருக்கலாம், எதிர்த்திசையில் 60 பாகையாகவும் இருக்கலாம். எதிர்த்திசையை எடுத்தால் தோள் 76.8 பாகை திரும்ப வேண்டும். நுனி அதே இடத்துக்கு வந்து சேரும். ஒரே புள்ளி, இரண்டு விடை: முழங்கை கீழே, முழங்கை மேலே. இதில் எதைத் தேர்வு செய்வது என்று சொல்லாவிட்டால் ரோபோ சட்டென்று முழங்கையைப் புரட்டிப் பக்கத்தில் இருக்கும் சட்டத்தில் இடித்துவிடும்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, இரண்டு அட்டைத் துண்டுகளை ஒரு குண்டூசியால் இணைத்து மேசையில் வைத்துப் பாருங்கள். கை முழுதாக நீண்ட நிலையில் நுனியை நேராக உள்ளே இழுக்கப் பார்த்தால், நுனி அசைய மறுத்து மூட்டுகள்தான் படபடவென்று திரும்பும். இதைத்தான் சிங்குலாரிட்டி என்று மூன்றாம் வருடத்தில் அணிகளை வைத்துச் சொல்லித்தருவார்கள். ஆறு மூட்டு ரோபோவுக்கு இதே வேலையை நான்குக்கு நான்கு அணிகள் செய்கின்றன. ஒவ்வொரு மூட்டையும் நான்கு எண்களால் எழுதும் முறையை டெனாவிட், ஹார்ட்டன்பெர்க் என்ற இருவர் 1955-இல் கொடுத்தார்கள். அட்டைக் கையைப் புரட்டிப் பார்த்தவருக்கு அந்த அணிகள் அச்சமூட்டாது.

முதல் வருடம்: குறைவாக எடுங்கள்

ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம், கூடிப்போனால் மூன்று. கணிதம் நிறைந்த ஒன்றையும் கையால் செய்யும் ஒன்றையும் ஜோடி சேருங்கள். கட்டுப்பாட்டியலும் திண்மப் பொருள் இயக்கவியலும் ஒரே பருவத்தில் வந்தால் ஒன்றைத் தள்ளிப் போடுங்கள். எந்தப் பாடம் எதற்கு முன்தேவை என்று படம் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பகுதிநேரத்தில் ஒரு பாடம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். அதைத் தவறவிட்டால் மூன்று பாடங்கள் பின்னால் வரிசையில் நிற்கும். வீட்டில் இருப்பவர்களுக்கும் மேலதிகாரிக்கும் தேர்வுத் தேதிகளைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேலையிடமே ஆய்வகம்

பி.எல்.சி. என்பது ஆலை எந்திரங்களை ஓட்டும் கணினி. மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களை அடுக்கிய பலகைகளுக்கு மாற்றாக டிக் மார்லியும் அவருடன் இருந்தவர்களும் 1968-இல் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். அது வேலை செய்யும் விதம் எளிது: எல்லா உள்ளீட்டையும் படிக்கும், நிரலை மேலிருந்து கீழாக ஓட்டும், வெளியீடுகளை எழுதும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த ஒரு சுற்றுக்குப் பெயர் ஸ்கேன். இதை முதல் வாரத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுவார்கள். எனக்கு உறைத்தது ஒரு வருடம் கழித்து, வேலையிடத்தில்.

ஒரு பேக்கிங் எந்திரம். பிலிம் மேல் 3 மி.மீ. அகலத்தில் அச்சிட்ட அடையாளக்கோட்டை ஒளி சென்சார் பார்த்து எண்ண வேண்டும். மெதுவாக ஓட்டினால் எண்ணிக்கை சரியாக இருக்கும். முழு வேகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுப்போகும். சென்சாரின் சிறு விளக்கோ ஒவ்வொரு கோட்டுக்கும் தவறாமல் மின்னியது. இரண்டு முறை சென்சாரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கண்ணாடியைத் துடைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அந்த வாரம் மாலை வகுப்பில் மாதிரியெடுப்பு, அதாவது சிக்னலை விட்டுவிட்டுப் படிப்பது பற்றிய பாடம். நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். பிலிம் வேகம் நொடிக்கு அரை மீட்டர், 3 மி.மீ. கோடு சென்சாரைக் கடக்க 6 மில்லி நொடி. பி.எல்.சி.யின் ஸ்கேன் நேரம் 10 மில்லி நொடி. பி.எல்.சி. உள்ளீட்டைப் படிக்கும் இரண்டு தருணங்களுக்கு நடுவில் சில சமயம் கோடு வந்து போய்விடுகிறது. நொடிக்கு 0.2 மீட்டரில் ஓட்டினால் அதே கோடு 15 மில்லி நொடி நிற்கும், அதனால் மாட்டிக்கொள்ளும். சென்சார் ஒயரைச் சாதாரண உள்ளீட்டிலிருந்து எடுத்து ஸ்கேனுக்குக் காத்திராமல் தானே எண்ணும் அதிவேக எண்ணி உள்ளீட்டில் கொடுத்தேன். அதற்குப் பிறகு எண்ணிக்கை தவறவில்லை. பத்து நிமிட வேலை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் வேலையிடத்தில் பார்த்த கோளாறு, வலப்பக்கம் அது எந்தப் பாடத்தோடு ஒட்டும் என்பது. நீங்களும் தொடங்குங்கள். சென்சாரின் பழுப்பு ஒயர் 24 வோல்ட், நீலம் சுழி, கறுப்பு சிக்னல் என்று கை அறிந்திருக்கும். அந்தக் கறுப்பு ஒயருக்குள் டிரான்சிஸ்டர் என்ன செய்கிறது என்பதை மின்னணுவியல் வகுப்பில் கேளுங்கள். அழுத்தமானியின் சிக்னல் ஏன் 0-இல் தொடங்காமல் 4 மில்லி ஆம்பியரில் தொடங்கி 20-இல் முடிகிறது? 0 முதல் 10 பார் வரை அளக்கும் கருவி 12 மில்லி ஆம்பியர் காட்டினால் அழுத்தம் 5 பார். 4 காட்டினால் அழுத்தமே இல்லை. 0 காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது. 0-இலிருந்து தொடங்கியிருந்தால் கடைசி இரண்டையும் பிரித்தறிய முடியாது. அவசர நிறுத்தப் பொத்தான், அழுத்தாதபோது மின்சாரம் ஓடும் இயல்பில் மூடிய தொடுப்பாக இருப்பதும் இதே காரணத்தால்தான்: ஒயர் அறுந்தாலும் எந்திரம் நிற்கும்.

பி.எல்.சி. மொழிகளை ஐ.இ.சி. 61131-3 என்ற தரநிலை வகுத்திருக்கிறது. வேலையிடத்தில் ஏணி போல வரையும் லேடர் மொழி பழகியவர்கள் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். வரிவரியாக எழுதும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டையும் சேர்த்துப் பழகுங்கள். கணக்கு நிறைந்த நிரலை லேடரில் எழுதி ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்ப்பது பெரும் துன்பம்.

கட்டுப்பாட்டியலைக் கையால் தொடுங்கள்

லாப்லாஸ் உருமாற்றம், மூலத் தடம், போட் வரைபடம் என்று இந்தப் பாடம் தாளிலேயே நின்றுவிடும் ஆபத்து உண்டு. சுழற்சியை அளக்கும் சென்சாரான என்கோடர் உள்ள ஒரு சிறிய டி.சி. மோட்டார், ஒரு மோட்டார் டிரைவர், ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை வாங்கி மேசையில் வையுங்கள். முதலில் விகிதப் பெருக்கம் (கேட்ட வேகத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் உள்ள பிழைக்கு ஏற்ற அளவு திருத்தம்) மட்டும் கொடுத்து, வேகத்தை நிலையாக வைக்கச் சொல்லுங்கள். தண்டை விரலால் லேசாக அழுத்துங்கள். வேகம் குறைந்து அங்கேயே நிற்கும். கேட்ட வேகத்துக்குத் திரும்பாது. இப்போது பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் தொகையீட்டுப் பகுதியைச் சேருங்கள். விரலுக்கு எதிராக மோட்டார் மெல்ல முறுக்கேறி, கேட்ட வேகத்துக்கே வந்து சேரும். விரலை எடுத்தால் ஒரு கணம் தாவி ஓடிப் பிறகு அடங்கும். பிழையின் கூட்டுத்தொகை என்று சமன்பாட்டில் எழுதியிருப்பதை விரல் நுனியில் உணர்வது அப்போதுதான். தண்டை முழுதாகப் பிடித்துச் சில நொடி கழித்து விட்டால் எகிறிப் பாயும். கூட்டுத்தொகைக்கு வரம்பு வைக்காததன் விளைவு அது. இந்தச் சோதனைக்கு விரலில் அடங்கும் சிறு மோட்டாரை மட்டுமே பயன்படுத்துங்கள். 1942-இல் சீக்ளர், நிக்கல்ஸ் இருவரும் தந்த டியூனிங் முறையை, அதாவது இந்தத் திருத்தங்களின் அளவை முடிவு செய்யும் முறையை, இந்த மோட்டாரிலேயே செய்து பார்க்கலாம்.

மென்பொருள்

பைத்தான் முதலில், பிறகு சி++. லினக்ஸைக் கணினியில் ஏற்றிக் கட்டளை வரியில் பழகுங்கள். ரோபோ மென்பொருள் எழுதப் பரவலாகப் பயன்படும் நிரல் தொகுப்பான ஆர்.ஓ.எஸ். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதன் முதல் தலைமுறைக்கான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பல பயிற்சிகள் இன்னும் அதற்கானவைதான். ஆர்.ஓ.எஸ். 2-ஐயே படியுங்கள். கெசீபோ, வெபாட்ஸ் போன்ற சிமுலேட்டர்கள் இலவசம். ஆய்வகத்துக்குப் போகும் முன் வீட்டில் சிமுலேட்டரில் நிரலை ஓட்டிப் பிழை திருத்திக்கொண்டு போனால், அங்கே கிடைக்கும் இரண்டு மணி நேரமும் உண்மையான ரோபோவுக்கே செலவாகும். சிமுலேட்டரில் கியரின் தொளதொளப்பும் கேபிள் சிக்குவதும் பெரும்பாலும் தெரியாது. ஆய்வகத்தில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

ரோபோவின் அருகில்

அனுபவம் உள்ளவர்கள்தான் இங்கே அலட்சியமாக இருப்பார்கள். தொழிற்சாலை ரோபோக்களின் பாதுகாப்புக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 10218. கைக்கட்டுப்பாட்டுப் பலகையால் ரோபோவை நகர்த்திக் கற்பிக்கும் நிலையில் நுனியின் வேகம் நொடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது அதிலிருந்து வருகிறது. அந்தப் பலகையின் பின்புறம் இருக்கும் அனுமதிப் பொத்தானுக்கு மூன்று நிலை. பாதி அழுத்திப் பிடித்தால்தான் ரோபோவை நகர்த்த முடியும். விட்டால் நிற்கும். முழுதாக இறுக்கினாலும் நிற்கும். பயந்தவன் கை சில சமயம் விடும், சில சமயம் இறுக்கும் என்பதால் இப்படி அமைத்தார்கள். முதல் ஆய்வகத்தில், ரோபோவை நகர்த்தும் முன், இந்த மூன்று நிலையையும் பத்து முறை அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள். வேலிக்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டுமென்றால் மின்சாரத்தையும் காற்றழுத்தத்தையும் துண்டித்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நுழையுங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இறுதித் திட்டப்பணி

தலைப்பைக் கடைசி வருடத்தில் தேடாதீர்கள். அந்த நோட்டின் இடப்பக்கத்தில் அதற்குள் பத்துப் பதினைந்து கோளாறுகள் சேர்ந்திருக்கும். அதில் சிறியதாக, அளக்கக்கூடியதாக, உங்கள் பிரிவுக்குள் அடங்குவதாக ஒன்றை எடுங்கள். "முழு லைனையும் தானியக்கமாக்குதல்" வேண்டாம். "ஒரு நிலையத்தில் தவறான நிராகரிப்பைக் குறைத்தல்" போதும். நிறுவனத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் படம், எந்த எண், எந்த நிரல் வெளியே போகலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். என் வகுப்பில் ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி எட்டு மாதம் உழைத்தார். சமர்ப்பிக்கும் வாரத்தில் நிறுவனம் அளவுகளை வெளியிடக்கூடாது என்று சொல்லிவிட, ஒரு பருவம் பின்தங்கினார்.

அனுமதி கிடைத்ததும் எந்திரத்தில் கை வைக்கும் முன் நான்கு வாரமாவது இப்போதைய நிலையை அளந்து வையுங்கள்: எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம், எந்த ஷிப்டில், எந்தப் பொருள் ஓடும்போது. மாற்றம் செய்த பிறகு பழைய நிலையை அளக்க வழியில்லை. மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வியோ "முன்பு எவ்வளவு இருந்தது?" என்பதுதான்.